தோல்விக்கு உரிமையாளர் யார்?

பான் நகரில், ரைன் ஆற்றுக்கு அருகே, கைசர் ஃபிரீட்ரிக் தெருவில் ஓர் அரசு அலுவலகம் இருக்கிறது. மேற்கு ஜெர்மனியின் தலைநகராக பான் இருந்த காலத்தில் குடியரசுத் தலைவரின் செயலகம் இயங்கிய கட்டடம் அது. தலைநகரம் பெர்லினுக்குப் போனபோது, அதற்கு ஈடாகச் சில அலுவலகங்கள் பெர்லினிலிருந்து பானுக்கு வந்தன. அவற்றில் ஒன்றாக 1999-ல் இங்கே குடிவந்தது கூட்டாட்சி வணிகப் போட்டி ஆணையம். ஜெர்மன் மொழியில் புண்டெஸ்கார்ட்டெல்ஆம்ட். சிமெண்ட் ஆலைகள் ரகசியமாகக் கூடிப் பேசி விலையை ஏற்றினால் பிடித்து அபராதம் போடுவது இதன் அன்றாட வேலை. 2025 ஜூன் 16 அன்று இந்த அலுவலகம் வெளியிட்ட மதிப்பீடு கால்பந்தைப் பற்றியது. ஒரு கால்பந்து அணியை யார் ஆள வேண்டும், பணம் போட்டவரா, அணியைத் தன்னுடையது என்று நினைக்கும் ரசிகரா என்ற கேள்வியை அது தொட்டது.

அணி தோற்கும்போது ரசிகர் யாரைத் திட்டுகிறார் என்று கவனித்தால் ஓர் ஒழுங்கு தெரியும். முதல் தோல்விக்கு நடுவர். மூன்றாவது தோல்விக்கு முன்கள ஆட்டக்காரர். ஆறாவது தோல்விக்குப் பயிற்சியாளர். அவரை மாற்றிய பிறகும் தோல்வி தொடர்ந்தால்தான், கண்ணாடி அறைக்குள் அமர்ந்து ஆட்டம் பார்ப்பவர்கள் பக்கம் கண் திரும்பும். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பது நம் பழமொழி. உலகெங்கும் கால்பந்து ரசிகர்கள் முதலில் அம்பைத்தான் நோகிறார்கள். எய்தவரைச் சென்றடைய அவர்களுக்கு வழி இருக்கிறதா என்பதில்தான் நாட்டுக்கு நாடு வேறுபாடு. ஜெர்மனியில் அந்த வழி கால்பந்து விதியாகவே எழுதப்பட்டிருக்கிறது. அந்த விதி நிற்குமா விழுமா என்று எடைபோடும் இடமாக பான் ஆகியிருக்கிறது. அந்த வழி இருந்தும் ஓர் அணி எப்படி அழிய முடியும் என்பதற்கும் பானிலேயே சாட்சி உண்டு.

அம்பை நொந்தவர்கள்

பானிலிருந்து கொலோனுக்குச் சுமார் 30 கிலோமீட்டர். 16, 18 எண் டிராம் வண்டிகள் இரண்டு நகரங்களையும் இணைக்கின்றன. கொலோன் அணியின் ஆட்டம் உள்ள நாளில் சிவப்பு வெள்ளைக் கழுத்துத் துணியோடு பான் மக்கள் அந்த வண்டிகளில் ஏறுகிறார்கள். 1963-64-ல் ஜெர்மனியின் உச்ச நிலை லீக்கான புண்டஸ்லிகாவின் முதல் பருவத்தையே வென்ற அணி 1. எஃப்சி கொலோன். 1978-ல் லீக், கோப்பை இரண்டையும் ஒரே ஆண்டில் எடுத்தது. 1998-ல் முதன்முறையாக இரண்டாம் நிலைக்கு இறங்கியது. அதன் பிறகு ஏறுவதும் இறங்குவதுமே அதன் வாழ்க்கை ஆகிவிட்டது. 2002, 2004, 2006, 2012, 2018, 2024 என்று இதுவரை மொத்தம் ஏழு முறை இறங்கியிருக்கிறது.

2017 இந்த அணியின் ரசிகர்கள் மறக்க முடியாத ஆண்டு. ஐந்தாம் இடம் பிடித்து, 25 ஆண்டுகளுக்குப் பிறகு ஐரோப்பியப் போட்டிக்குள் நுழைந்தது. செப்டம்பரில் ஆர்சனலுக்கு எதிரான ஆட்டத்துக்கு ஏறக்குறைய 20,000 கொலோன்காரர்கள் லண்டனுக்கே படையெடுத்தார்கள். ஆனால் அதற்கு முன்பே, அந்தக் கோடையில், அணியின் கோல்களைச் சுமந்த மொடெஸ்தை நிர்வாகம் சீனாவுக்கு விற்றிருந்தது. பருவத்தின் முதல் 14 ஆட்டங்களில் கிடைத்தவை மூன்றே புள்ளிகள். டிசம்பரில் பயிற்சியாளர் பீட்டர் ஷ்டோகர் வெளியேற்றப்பட்டார். கோல் அடிப்பவரை விற்றவர் அவர் அல்லர். அணி எப்படியும் இறங்கியது.

அந்த டிசம்பரிலிருந்து 2025 மே வரை கொலோன் அணி பருவத்தின் நடுவில் ஆறு முறை பயிற்சியாளரை மாற்றியது. கணக்கை வரிசையாகப் பார்க்கலாம். 2017 டிசம்பர்: மாற்றியும் இறங்கியது. 2019 ஏப்ரல்: இரண்டாம் நிலையில் முதலிடத்தில் இருந்தபோதே மார்க்குஸ் அன்ஃபாங்கை நீக்கினார்கள், ஏற்கெனவே ஏறும் இடத்தில் இருந்த அணி ஏறியது. 2019 நவம்பர்: மாற்றினார்கள், தப்பியது. 2021 ஏப்ரல்: ஆறு ஆட்டங்களே மிச்சமிருக்க, முதியவர் ஃபிரீட்ஹெல்ம் ஃபுங்கெல் வந்தார், இறங்குவதா நிலைப்பதா என்று தீர்மானிக்கும் ஹோல்ஷ்டைன் கீல் அணியுடனான இறுதிச் சோதனையில் சொந்த மண்ணில் 0-1 என்று தோற்று, எதிரணி மண்ணில் 5-1 என்று வென்று தப்பியது. 2023 டிசம்பர்: மாற்றியும் இறங்கியது. 2025 மே: இரண்டு ஆட்டங்கள் மிச்சம், அணி இரண்டாம் இடத்தில், மறுபடியும் ஃபுங்கெல் வந்தார், அணி முதலிடத்தோடு ஏறியது. இரண்டு முறை மூழ்கியது, இரண்டு முறை தப்பியது, இரண்டு முறை ஏற வேண்டிய அணி ஏறியது. நாணயத்தைச் சுண்டிப் போட்டாலும் கணக்கு ஏறக்குறைய இப்படித்தான் வரும்.

ரசிகர் நினைவில் தங்குவதோ ஃபுங்கெல் மட்டும்தான். புதியவர் வந்தார், அணி பிழைத்தது என்ற கதைக்கு ஒரு முகம் தேவைப்படுகிறது. இந்தக் கதையைச் சோதித்துப் பார்த்தவர்கள் ஜெர்மனியிலேயே இருக்கிறார்கள். மியூன்ஸ்டர் பல்கலைக்கழக இயற்பியலாளர் ஆந்திரேயாஸ் ஹாயரும் அவருடைய குழுவினரும் புண்டஸ்லிகாவின் பல பத்தாண்டு முடிவுகளைத் தொகுத்து 2011-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அவர்களுடைய முறை எளிமையானது, அழுத்தமானது. தொடர்ந்து தோற்றுப் பயிற்சியாளரை மாற்றிய அணிகளை ஒரு பக்கம் வைத்தார்கள். அதே அளவு தோற்றும் பயிற்சியாளரை மாற்றாத அணிகளை மறுபக்கம் வைத்தார்கள். பிந்தைய ஆட்டங்களில் இரு தரப்பும் ஒன்றுபோலவே மீண்டன. நெதர்லாந்துக் கால்பந்தை ஆராய்ந்த பொருளியலாளர் பாஸ் டெர் வேல் போன்றோரும் இதே முடிவுக்கு வந்தார்கள்.

விளக்கம் கடினமானதல்ல. பயிற்சியாளரை நீக்குவது அணி தன் இயல்புக்கும் கீழே விழுந்து கிடக்கும் நேரத்தில். அந்த ஆழத்திலிருந்து பெரும்பாலான அணிகள் தாமாகவே தம் இயல்பான மட்டத்துக்கு ஏறிவிடும். நாலாம் நாள் தானே இறங்கவிருந்த காய்ச்சலுக்கு மூன்றாம் நாள் தாயத்து கட்டியவருக்குப் பெயர் கிடைப்பதைப் போல, அந்த ஏற்றத்தின் பெருமை புதியவருக்குப் போகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

பலன் இல்லை என்றால் ஏன் மாற்றுகிறார்கள்? பருவத்தின் நடுவில் மாற்றக்கூடியது வேறொன்றும் இல்லை என்பதால். ஆட்டக்காரர் இருபத்தைந்து பேரும் ஒப்பந்தத்தில் இருக்கிறார்கள். அவர்களை வாங்கவும் விற்கவும் ஆண்டுக்கு இரண்டு காலகட்டங்கள்தான் உண்டு. தலைவர் தன்னைத் தானே நீக்கிக்கொள்ள மாட்டார். மிஞ்சுவது ஒருவர். அவரை அனுப்பினால் மேலே இருப்பவர்களுக்கு ஆறு வார அவகாசம் கிடைக்கிறது. 2023 டிசம்பரில் கொலோனில் நடந்ததை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஸ்லோவேனியாவிலிருந்து ஓர் இளம் ஆட்டக்காரரை முறையற்ற வகையில் சேர்த்துக்கொண்டதற்காக அணிக்கு ஃபிஃபா விதித்த தடையை விளையாட்டு நடுவர் மன்றம் அந்த மாதம்தான் உறுதி செய்தது. இரண்டு காலகட்டங்களுக்குப் புதிய ஆட்டக்காரர் எவரையும் பதிவுசெய்ய முடியாது. அது அலுவலகத்தில் நிகழ்ந்த பிழை. அதே மாதம் பிரிந்து போனவர் பயிற்சியாளர் ஷ்டெஃபன் பாவும்கார்ட்.

ஏழு பேர் கூடினால்

இதுவரை சொன்னது எந்த நாட்டுக்கும் பொருந்தும். ஜெர்மனி வேறுபடுவது அடுத்த கட்டத்தில்.

ஜெர்மன் கால்பந்தின் அடித்தளம் ஃபெராயின் என்னும் பதிவுபெற்ற சங்கம். ஜெர்மன் குடிமைச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். ஆண்டுக்கொரு பொதுக்குழு, தேர்தல், கணக்கு ஒப்புவித்தல், உறுப்பினருக்கு ஒரு வாக்கு. நம் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தை அறிந்தவர்களுக்கு இதன் நல்லதும் கெட்டதும் உடனே விளங்கும். ஜெர்மனியில் குடியேறிய ஈழத்தமிழர்கள் நடத்தும் சங்கங்களும் கோயில்களும், அவர்கள் வழக்கில் உதைபந்தாட்டக் கழகங்களும், இதே சட்ட வடிவில் இயங்குகின்றன. தெருமுனைக் கழகத்துக்கும் பல லட்சம் உறுப்பினர் கொண்ட பயர்ன் மியூனிக்குக்கும் பிறப்புச் சான்றிதழ் ஒரே மாதிரியானது.

தொலைக்காட்சிப் பணம் பெருகியபோது சங்க வடிவம் போதவில்லை. 1998 அக்டோபரில் ஜெர்மன் கால்பந்துச் சம்மேளனம் தொழில்முறை அணிகளைத் தனி நிறுவனங்களாகப் பிரிக்க அனுமதித்தது. ஆனால் ஒரு கண்ணியை வைத்தது. நிறுவனத்தின் பங்குகளை யார் எவ்வளவு வாங்கினாலும், வாக்குகளில் பாதியும் கூடுதலாக ஒன்றும் தாய்ச் சங்கத்திடம்தான் இருக்க வேண்டும். இதுவே 50+1 விதி. முதலாளி பணம் போடலாம். கடைசிச் சொல் உறுப்பினர்களுடையது.

விலக்குகளும் இருந்தன. 1999-க்கு முன்பு இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஓர் அணியைத் தொடர்ந்து தாங்கிய நிறுவனம் பெரும்பான்மை வாக்குகளை வைத்துக்கொள்ளலாம். பேயர் மருந்து நிறுவனத்தின் தொழிலாளர் கழகமாகப் பிறந்த லேவர்கூசனுக்கும், ஃபோக்ஸ்வாகன் தொழிற்சாலை நகரமான வோல்ஃப்ஸ்பர்க்குக்கும் இது பொருந்தியது. 2011-ல் அந்த 1999 எல்லைக்கோடு நீக்கப்பட்டது. 2015-ல் மென்பொருள் கோடீஸ்வரர் டீட்மார் ஹோப் அதே கதவு வழியே ஹோஃபன்ஹைம் அணியின் பெரும்பான்மை வாக்கைப் பெற்றார். 2009-ல் ஒரு பானத் தயாரிப்பாளர் உருவாக்கிய லைப்சிக் அணி இன்னும் நுட்பமான வழியைக் கண்டது. விதியின் எழுத்தை மீறவில்லை, சங்கம் இருக்கிறது. ஆனால் வாக்குரிமை உள்ள உறுப்பினர்கள் ஒரு பேருந்தில் அடங்கிவிடுவார்கள்.

பானின் சொந்த அணி

உறுப்பினர் ஆட்சி என்றால் நல்லாட்சி என்று நினைப்பவர்கள் பானின் வடக்கே ஷ்போர்ட்பார்க் நோர்ட் அரங்குக்குப் போய்ப் பார்க்க வேண்டும். சுமார் 10,000 பேர் அமரவும் நிற்கவும் இடமுள்ள அரங்கு. பானர் எஸ்சி அணியின் வீடு.

1965-ல் நகரின் இரண்டு பழைய கழகங்கள் இணைந்து பிறந்தது பானர் எஸ்சி. மேற்கு ஜெர்மனியின் தலைநகருக்கு உச்ச நிலையில் ஆடும் ஓர் அணி வேண்டும் என்ற ஆசை அதற்குப் பின்னால் இருந்தது. லண்டனும் மாட்ரிடும் பெற்றதை பான் ஒருபோதும் பெறவில்லை. 1976-77-ல் இரண்டாம் நிலை லீக்கின் வடக்குப் பிரிவுக்கு எட்டியது. அந்த ஒரு பருவத்தோடு கதை முடிந்தது. பணக் கணக்கு சரியில்லை என்று உரிமம் பறிபோனது. கால்பந்தில் இறங்குவதற்கு ஆட்டத்தில் தோற்க வேண்டிய கட்டாயம் இல்லை, கணக்கேட்டில் தோற்றாலும் போதும் என்பதை அந்த ஊர் ரசிகர்கள் அப்போது தெரிந்துகொண்டார்கள்.

1990-களின் இறுதியில் இன்னொரு விசித்திரம். நான்காம் நிலையில் ஆடிக்கொண்டிருந்த கழகத்தின் தலைமை, கியூபாவின் தேசிய அணியையே மொத்தமாக பானுக்கு வரவழைத்துத் தன் சட்டையில் ஆடவிடத் திட்டமிட்டது. கியூபாவுக்கு உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றுக்கான பயிற்சி, பானுக்கு ஒரே இரவில் ஒரு தேசிய அணி. ஆட்டக்காரர்கள் விமானம் ஏறி வந்தார்கள். லீக் ஆட்டங்களில் அவர்களைக் களமிறக்கும் கனவை விதிகள் விடவில்லை. அந்த ஊர்க் கால்பந்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் இன்றும் முதலில் வருவது இந்தக் கதைதான். தலைநகரம் பெர்லினுக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் இது நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், சிரிப்போடு கொஞ்சம் இரக்கமும் வரும்.

2010-ல் கழகம் திவாலானது. மறுபடி கீழ் நிலை லீக்குகளிலிருந்து ஏறி, 2016-ல் நான்காம் நிலையான ரீஜனல்லிகாவைத் தொட்டது. 2017 ஆகஸ்டில் ஜெர்மன் கோப்பையின் முதல் சுற்றில் ஹனோவர் 96 அணியைச் சந்தித்து 2-6 என்று தோற்றது. 2022-ல் மறுபடி இறங்கியது. 2025-ல் மறுபடி ஏறியது.

வெளியூர் முதலாளி எவரும் இந்த அணியை விலைக்கு வாங்கிச் சீரழிக்கவில்லை. பொதுக்குழு கூட்டித் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறை இருந்துகொண்டேதான் இருந்தது. அப்படியிருந்தும் 1977-ல் உரிமம் போனது, 2010-ல் எல்லாமே போனது. வாக்குரிமை மூடத்தனத்துக்குத் தடுப்பூசி அல்ல. தாமே கூடித் தாமே தவறான ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் அதற்குள் அடக்கம். அப்படியானால் அந்த உரிமையால் என்ன பயன்? பதில் தேட, சங்கத்தின் வாக்கும் வெளியாரின் பணமும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்திய இடங்களைப் பார்க்க வேண்டும்.

ஒரு வீட்டில் இரண்டு சாவி

மியூனிக்கின் 1860 அணி 2011-ல் திவாலின் விளிம்பில் நின்றது. ஜோர்டான் நாட்டுத் தொழிலதிபர் ஹசன் இஸ்மாயிக் பணம் கொடுத்து 60 விழுக்காடு பங்குகளை வாங்கினார். 50+1 விதியால் வாக்குப் பெரும்பான்மை சங்கத்திடமே இருந்தது. பணம் கொடுத்தவருக்கு அதிகாரம் இல்லை. அதிகாரம் உள்ளவரிடம் பணம் இல்லை. இரு தரப்புக்கும் ஓயாத சண்டை. பயிற்சியாளர்கள் வந்தார்கள், போனார்கள். 2017-ல் அணி இரண்டாம் நிலையிலிருந்து இறங்கியது. மூன்றாம் நிலைக்கான உரிமத்துக்குத் தேவைப்பட்ட பணம் உரிய நேரத்தில் வந்து சேராததால் நேராக நான்காம் நிலையில் போய் விழுந்தது. அந்த ஊர் ரசிகர்களில் ஒரு பாதி சங்கத்தைக் குறை சொல்கிறது, மறுபாதி முதலாளியை.

பெர்லினின் ஹெர்த்தா இன்னும் பெரிய பாடம். 2019 முதல் நிதியாளர் லார்ஸ் வின்ட்ஹோர்ஸ்ட் அந்த அணிக்குள் கொட்டிய பணம் 374 மில்லியன் யூரோ. ஐரோப்பாவின் உச்சிக்கு ஏறப்போகிறோம் என்று பேச்சு. பயிற்சியாளராக வந்த யூர்கன் கிளின்ஸ்மன், 76-ஆம் நாளில், 2020 பிப்ரவரியில், ஃபேஸ்புக்கில் அறிவித்துவிட்டு விலகினார். அவருக்குப் பிறகு நூரி, லபாடியா, டார்டாய், கோர்குட், மகாத், ஷ்வார்ட்ஸ், மறுபடி டார்டாய். 2023-ல் அணி இறங்கியது. அவ்வளவு பணமும் அத்தனை பயிற்சியாளர்களும் சேர்ந்து அணியை முன்பிருந்த இடத்தில்கூட வைத்திருக்க முடியவில்லை.

ஆனால் ஹெர்த்தாவில் வேறொன்றும் நடந்தது. 2022 ஜூனில் தலைவர் தேர்தல். அரங்கின் கிழக்கு வளைவில் கொடி பிடித்து, ஹார்லெகின்ஸ் என்ற தீவிர ரசிகர் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான காய் பெர்ன்ஷ்டைன் போட்டியிட்டார். எதிரே நின்றவர் அனுபவமுள்ள அரசியல்வாதி. உறுப்பினர்கள் கொடி பிடித்தவரைத் தலைவராக்கினார்கள். அவர் காலத்திலும் அணி தோற்றது, இறங்கியது. ஆனால் இறங்கியபோது அரங்கு தலைவரை விரட்டவில்லை. கடன், செலவு, தவறு எல்லாவற்றையும் தங்களில் ஒருவர் தங்களுக்கு எடுத்துச் சொல்கிறார் என்ற உணர்வு இருந்தது. 2024 ஜனவரியில், 43 வயதில், அவர் இறந்தபோது போட்டி அணிகளின் ரசிகர்களும் துக்கம் அனுசரித்தார்கள்.

வாக்குரிமை என்ன செய்கிறது என்பதற்கான பதில் இங்கே கொஞ்சம் தெளிகிறது. அணியை அது ஏற்றிவிடவில்லை. ரசிகரின் கோபத்துக்கு ஒரு முகவரி கொடுத்தது. கொலோனிலும் அப்படியே. ஏறி இறங்கிய களைப்பில் இருந்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களின் சங்கம் 2025 செப்டம்பரில் தேர்தல் நடத்தியது. மூன்று அணிகள் போட்டியிட்டன. யோர்ன் ஷ்டோபெ தலைமையிலான அணி வென்றது. தோற்ற அணிகளில் ஒன்றுக்குத் தலைமை தாங்கியவர், பானிலிருந்து ஜெர்மனியை ஆண்ட முதல் பிரதமர் கோன்ராட் அடினாவரின் பேரன். பிரதமரின் பேரனும் கால்பந்துச் சங்கத் தேர்தலில் வரிசையில் நின்று வாக்குக் கேட்க வேண்டியிருக்கிறது.

டென்னிஸ் பந்துகளும் ஒரு ரகசிய வாக்கும்

2023 டிசம்பர் 11 அன்று, முதல் இரண்டு நிலைகளிலும் உள்ள 36 அணிகள் கூடி வாக்களித்தன. லீக்கின் ஒளிபரப்பு வருமானத்தில் 8 விழுக்காட்டை இருபது ஆண்டுகளுக்கு ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்து, ஏறக்குறைய நூறு கோடி யூரோ பெறுவது திட்டம். மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். விழுந்தவை 24 வாக்குகள். துல்லியமாக மூன்றில் இரண்டு. வாக்கெடுப்பு ரகசியமானது.

ஹனோவர் 96-ன் தாய்ச் சங்கம் தன் நிறுவனத்தின் நிர்வாகி மார்ட்டின் கிண்டுக்கு எதிர்த்து வாக்களிக்கும்படி கட்டளையிட்டிருந்தது. தான் எப்படி வாக்களித்தேன் என்பதை அவர் வெளிப்படையாகச் சொல்லவில்லை. அவர் 50+1 விதியை ஒழிக்கப் பல ஆண்டுகள் போராடியவர். 2009-ல் அவர் கொண்டுவந்த திருத்தத்தை 36 அணிகளில் 32 எதிர்த்தன. ஒரே ஒரு வாக்கு மாறியிருந்தாலும் முதலீட்டுத் திட்டம் விழுந்திருக்கும் என்பதால், நாடெங்கும் சந்தேகத்தின் ஊசி அந்த வாக்கையே காட்டியது. சங்கம் இட்ட கட்டளை வாக்குச்சீட்டுவரை போய்ச் சேராது என்றால் 50+1 விதிக்கு என்ன பொருள்?

ரசிகர்கள் அரங்குகளில் பதில் சொன்னார்கள். முதல் பன்னிரண்டு நிமிடம் மௌனம். பிறகு புல்வெளியில் தங்கக் காகிதம் சுற்றிய சாக்லேட் நாணயங்கள், டென்னிஸ் பந்துகள். தொலைக்கட்டுப்பாட்டில் ஓடும் பொம்மைக் கார்களும் மைதானத்துக்குள் இறங்கின. பெர்லினில் ஹெர்த்தா, ஹாம்பர்க் அணிகளின் ஆட்டம் அரை மணி நேரத்துக்கு மேல் நின்றது. எல்லா ஊர்களிலும், தம்முள் பகை கொண்ட ரசிகர் குழுக்கள் ஒரே முறையைக் கையாண்டன. 2024 பிப்ரவரி 21 அன்று லீக் நிர்வாகம் திட்டத்தைக் கைவிட்டது. பயிற்சியாளரின் பெயரைச் சொல்லிக் கூச்சலிட்ட அரங்குகளை அறிந்தவர்களுக்கு இதன் வேறுபாடு விளங்கும். இங்கே குறி அம்பின் மீதில்லை.

பானின் மதிப்பீடு

இப்போது கைசர் ஃபிரீட்ரிக் தெருவுக்குத் திரும்புவோம். 2018-ல் லீக் அமைப்பே முன்வந்து, 50+1 விதி போட்டிச் சட்டத்துக்கு உட்பட்டதா என்று பான் ஆணையத்திடம் கேட்டது. கேள்வி நியாயமானது. ஒரு தொழிலில் உள்ள 36 நிறுவனங்கள் கூடி, எங்களில் யாரையும் வெளியார் முழுமையாக வாங்க முடியாது என்று ஒப்பந்தம் செய்துகொண்டால், வேறெந்தத் தொழிலிலும் அது சட்டவிரோதக் கூட்டு.

2021-ல் ஆணையம் தன் முதல் கருத்தைச் சொன்னது. விதி போட்டியைக் கட்டுப்படுத்துகிறது என்பது உண்மை. ஆனால் அணிகள் மக்களின் சங்கமாக நீடிக்க வேண்டும், உறுப்பினராகச் சேரும் கதவு எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்ற விளையாட்டு சார்ந்த நோக்கம் அந்தக் கட்டுப்பாட்டை நியாயப்படுத்தலாம். சிக்கல் விலக்குகளில்தான். பொதுநோக்கத்தைக் காரணம் காட்டி எல்லோரையும் கட்டுப்படுத்திவிட்டு, சிலருக்கு மட்டும் கதவைத் திறந்தால் அந்த நோக்கமே பொய்யாகிறது. 2023-ல் ஹோப் தன் பெரும்பான்மை வாக்கைச் சங்கத்திடம் திருப்பிக் கொடுத்தார். அதே ஆண்டு டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் சூப்பர் லீக் முதலான வழக்குகளில் விளையாட்டு அமைப்புகளின் விதிகளுக்கான அளவுகோலை இறுக்கியது. அந்த வெளிச்சத்தில் பான் ஆணையம் மீண்டும் உட்கார்ந்தது.

2025 ஜூன் மதிப்பீட்டின் சாரம் இதுதான். விதி நிற்கலாம், ஆனால் ஒரே அளவாக நிற்க வேண்டும். லேவர்கூசனுக்கும் வோல்ஃப்ஸ்பர்க்குக்கும் காலவரையற்ற விலக்கு தொடரக் கூடாது. எல்லா அணிகளிலும் ரசிகர்கள் வாக்குரிமையோடு உறுப்பினராகச் சேர வழி இருக்க வேண்டும். இது லைப்சிக்கை நோக்கிய விரல். லீக் தன் சொந்த வாக்கெடுப்புகளிலேயே விதியின் ஆவியைக் காப்பாற்ற வேண்டும்; இது ஹனோவரின் அந்த ரகசிய வாக்கை நோக்கியது.

ரசிகர்கள் மைதானத்தில் பந்தை எறிந்து சொன்னதையே ஒரு வணிகச் சட்ட அலுவலகம் கோப்பில் எழுதியது. கூச்சல் காற்றில் கரைந்துவிடும். விதியாக எழுதப்பட்ட உரிமையை மீறினால் அதைத் தட்டிக் கேட்க ஓர் அலுவலகம் இருக்கும்.

சென்னையும் கொல்கத்தாவும்

2014-ல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக்கில் அணி என்பது உரிமையாளர் வாங்கிய ஓர் உரிமம். சென்னையின் எஃப்சி அணியின் உரிமையாளர்கள் அபிஷேக் பச்சன், விதா தானி, மகேந்திர சிங் தோனி. 2015-லும் 2017-18-லும் கோப்பையை வென்ற அணி. 2020-21-ல் ஹங்கேரியின் சாபா லாஸ்லோ பயிற்சியளித்தார், எட்டாம் இடம். அடுத்த பருவத்தில் பாண்டோவிச் வந்தார், பிப்ரவரியில் போனார், சையத் சபீர் பாஷா முடித்து வைத்தார், எட்டாம் இடம். அதற்கடுத்த பருவத்தில் வந்தவர் ஜெர்மானியர் தாமஸ் பிர்டாரிச். மறுபடி எட்டாம் இடம். ஹாயரின் ஆய்வுக்குச் சென்னை அனுப்பிய பின்னிணைப்பு என்றே இதைச் சொல்லலாம். பிர்டாரிச் தன் ஆட்டக்காலத்தில் சட்டை அணிந்த அணிகளில் லேவர்கூசன், வோல்ஃப்ஸ்பர்க், ஹனோவர் மூன்றும் உண்டு. 50+1 விதியின் மூன்று புண்களையும் உள்ளிருந்து பார்த்தவர், வாக்கு என்ற பேச்சே இல்லாத ஓர் அணிக்கு வந்து சேர்ந்தார். பிறகு ஓவன் கோயில் இரண்டாம் முறையாக வந்து ஆறாம் இடத்துக்கு உயர்த்தினார். 2024-25-ல் அதே கோயிலின் கீழ் பதினோராம் இடம்.

பெரியமேடு நேரு அரங்கில் பி ஸ்டாண்ட் புளூஸும் சூப்பர் மச்சான்ஸும் மேளம் அடித்துப் பாடுவார்கள். அவர்களுக்கு என்ன வழி? டிக்கெட் வாங்கலாம், வாங்காமல் இருக்கலாம். 2024 டிசம்பரில் கேரளா பிளாஸ்டர்ஸ் ரசிகர் குழுவான மஞ்ஞப்படை செய்தது இதைத்தான்: நிர்வாகத்தின் மீது அதிருப்தி, டிக்கெட் வாங்க மாட்டோம் என்று அறிவிப்பு. சில நாட்களில் நீக்கப்பட்டவர் பயிற்சியாளர் மிக்கேல் ஸ்டாரே. கேட்டது எய்தவரை, கிடைத்தது அம்பு. கடைசி இடம் வந்தாலும் கீழே இறங்காத லீக்காக அது அப்போது இருந்ததால், அணியின் தோல்வி உரிமையாளரைச் சுடுவதும் குறைவாகவே இருந்தது.

இந்தியாவில் உறுப்பினர் சங்கம் புதிதல்ல. 1889-ல் பிறந்த மோகன் பகானும் 1920-ல் பிறந்த ஈஸ்ட் பெங்காலும் சங்கங்களாகவே வளர்ந்தவை. 2020-ல் மோகன் பகானின் கால்பந்துப் பிரிவில் 80 விழுக்காட்டை ஆர்பிஎஸ்ஜி குழுமம் வாங்கி, தன் ஏடிகே என்ற பெயரை முன்னால் ஒட்டியது. மூன்று ஆண்டுகள் அந்த மூன்றெழுத்தை எடு என்று ரசிகர்கள் முழங்கினார்கள். 2023 மார்ச்சில், அணி கோப்பை வென்ற இரவில், பெயர் மாறும் என்று உரிமையாளர் அறிவித்தார். ஈஸ்ட் பெங்காலில் 2021 ஜூலையில் நிலைமை தலைகீழ். முதலீட்டாளரோடு ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத சங்க நிர்வாகிகளை எதிர்த்தும் ஆதரித்தும் ரசிகர்கள் கழக வாசலில் திரண்டார்கள். காவல்துறை தடியடி நடத்தியது. சங்கம் இருந்தது, உறுப்பினர்கள் இருந்தார்கள். வாக்குக்கும் பணத்துக்கும் எல்லை எது என்று எழுதி வைத்த விதி இல்லை. எனவே முகவரி பொதுக்குழு மேடையாக இல்லாமல் தெருவாக ஆனது.

ஜெர்மன் விதியை அப்படியே பெயர்த்து நட முடியாது. நூறாண்டுச் சங்கப் பழக்கம் அதன் வேர். ஆனாலும் சிறு துண்டுகளை எடுக்கலாம். அணியின் பெயர், நிறம், சொந்த அரங்கு ஆகியவற்றை ரசிகர் ஒப்புதலின்றி மாற்றக் கூடாது என்பது ஒன்று. ஆண்டுக்கொரு முறை உரிமையாளர் ரசிகர் முன்னிலையில் அமர்ந்து கணக்குச் சொல்வது இன்னொன்று. இரண்டுக்கும் பெரிய பணம் தேவையில்லை.

1977-ல் கணக்கேட்டில் தோற்று, 2010-ல் எல்லாம் இழந்து, 2025-ல் மறுபடி ஏறிய பானர் எஸ்சியின் ரசிகர் யாரையும் வெளியே கைகாட்ட முடியாது. அவருடைய தோல்வி அவருக்கே சொந்தம். அதனால்தான் ஏற்றமும் அவருக்கே சொந்தம். சென்னை அணியின் பெயரிலும் கடைசியில் ஓர் 'இன்' இருக்கிறது. தமிழில் அது உடைமையைச் சொல்லும். அந்தப் பெயரை மேளத்தோடு பாடுகிறவருக்கு இதுவரை அணி தந்திருக்கும் உரிமை அந்த இரண்டு எழுத்துதான்.